உள்ளிழுத்த ஆமாம்

நகராட்சியிலிருந்து வந்த கடிதத்தை டாக்னி மூன்று முறை படித்தாள். முதல் முறை புரியவில்லை. இரண்டாம் முறை புரிந்துவிட்டது. மூன்றாம் முறை படித்தது, தான் புரிந்துகொண்டது தப்பாக இருக்கக் கூடாதா என்ற நப்பாசையில்.

"ஆல்கோட் லிண்ட்மார்க், வயது எழுபத்தொன்பது, மறதிநோய். நாளொன்றுக்குச் சராசரியாக அறுபத்தொரு முறை மூச்சுத்திணறல். வாய்மொழிப் பதில் இல்லை. குறைந்திருந்த பதற்றம் மீண்டும் கூடியுள்ளது. வீட்டுப் பராமரிப்பு இனிப் போதுமானதல்ல எனக் கருதுகிறோம். கிரானேபோ முதியோர் இல்லத்தில் ஓர் அறை காலியாகிறது. வியாழக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி நேரில் வந்து ஆல்கோட்டின் விருப்பத்தைக் கேட்டறிவார்."

கிரானேபோ கடற்கரையில் இருந்தது. வீட்டிலிருந்து நூற்று முப்பது கிலோமீட்டர். டாக்னிக்குக் கண்ணில் புரை விழுந்து வண்டி ஓட்டுவது நின்று இரண்டு வருடமாகிறது. பேருந்து வாரத்துக்கு இரண்டு நாள், அதுவும் பனி அனுமதித்தால். ஐம்பத்து மூன்று வருடம் ஒரே மேஜையில் காபி குடித்தவரை இனிமேல் செவ்வாயும் சனியும் பார்த்துவிட்டு வரவேண்டும் என்பதுதான் அந்தக் கடிதத்துக்கு அர்த்தம்.

கடிதத்தின் நாயகர் எதிரே உட்கார்ந்து, வெண்ணெய் தடவிய மெல்லிய ரொட்டியைச் சுருட்டி மென்றுகொண்டு, ஜன்னலுக்கு வெளியே பறவைகளுக்குத் தீனி வைக்கும் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்யா, உனக்கு மூச்சு திணறுதா?" என்று டாக்னி கேட்டாள்.

ஆல்கோட் அவள் பக்கம் திரும்பி, உதட்டைக் குவித்துக் காற்றைச் சட்டென்று உள்ளே இழுத்தார். "ஷூப்."

"நாசமாப் போச்சு. நீயே சாட்சி சொல்லிடுவ போலிருக்கே" என்றாள் அவள்.

அந்த "ஷூப்"தான் விஷயம். வடக்குச் சுவீடனின் உட்பகுதிக் காடுகளில், இவர்களுடைய நோர்ட்ரேஸ்க் போன்ற ஊர்களில், ஆமாம் என்பதற்கு யாரும் வாயைத் திறந்து காற்றை வீணாக்குவதில்லை. உள்ளே ஒரு இழுப்பு, அவ்வளவுதான். கடைக்காரர் "பால் வேணுமா?" என்பார், ஷூப். "நேத்து குளிர் அதிகம்ல?" ஷூப். பிறந்த குழந்தைகூட பால் குடிக்கும்போதே அதைப் பழகிவிடும். ஆல்கோட் நாற்பது வருடம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். வண்டி பேசட்டும் என்று விட்டுவிட்ட மனிதர். அவர்களுடைய கல்யாணத்தில், தெற்கிலிருந்து புதிதாக வந்திருந்த பாதிரியார் "இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்கிறாயா?" என்று கேட்டார். மாப்பிள்ளை ஷூப் என்றார். பாதிரியார் காத்திருந்தார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் ஷூப். மூன்றாவது தடவை கேட்டபோது பெஞ்சிலிருந்த மொத்த ஊரும் பொறுமையிழந்து ஒரே நேரத்தில் ஷூப் என்றது.

மறதிநோய் வந்து ஐந்து வருடம். முதலில் பெயர்கள் போயின, பிறகு சாமான்கள், பிறகு வாக்கியங்கள். எல்லாம் போன பிறகும் இந்த ஒன்று மட்டும் போகவில்லை. டாக்னி நாள் முழுக்க அவரிடம் பேசிக்கொண்டே இருப்பாள். கஞ்சி சூடா இருக்கா, அந்தக் குருவி நேத்து வந்ததுதான, காலுறை இறுக்குதா. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷூப் வரும். அதை வைத்துத்தான் அவள் நாளை ஓட்டினாள்.

இதற்கு நடுவில்தான் அக்டோபரில் நகராட்சி ஆட்கள் வந்து கருவிகளை மாட்டினார்கள். நியாயமாகச் சொல்லவேண்டும், எல்லாமே குப்பை இல்லை. வாசல் கதவில் வைத்த சிறு பெட்டி, ஆல்கோட் தனியாக வெளியே கால் வைத்தால் டாக்னியின் தலையணைக்கடியில் இருக்கும் வில்லையை அதிரவைக்கும். அதன் புண்ணியத்தில் அவள் மூன்று வருடம் கழித்து ஒரு முழு ராத்திரி தூங்கினாள். மணிக்கட்டில் கட்டிய பட்டை, நவம்பரில் அவர் ஏரியை நோக்கி நடக்க ஆரம்பித்தபோது படகுத்துறையிலேயே காட்டிக்கொடுத்தது. அந்த இரண்டுக்கும் அவள் இன்றைக்கும் நன்றி சொல்வாள். கோபம் மூன்றாவதன் மேல்தான். சமையலறைச் சுவரில், உயரத்தில், வெள்ளையாக ஒரு வட்டம். வீட்டுச் சத்தங்களைக் கேட்டு வகை பிரித்து அனுப்புமாம். சுவருக்கும் காது உண்டு என்று பயந்த காலம் போய், டெண்டர் விட்டு வாங்கிக் காதை மாட்டுகிற காலம் இது. டாக்னி அதற்குச் சுவர்க்காது என்றே பெயர் வைத்தாள்.

சுவர்க்காது ஒரு மாதம் கேட்டது. பிறகு, எங்கேயோ இருந்த மருத்துவர் ஒருவர் திரையில் தோன்றினார். ஒரு வரைபடத்தைக் காட்டினார். நாளுக்கு அறுபத்தொரு மூச்சுத்திணறல் என்று சிவப்புக் கோடு மலை ஏறியிருந்தது. "பதற்றம் ரொம்ப அதிகமா இருக்கு டாக்னி. பாவம், உள்ளுக்குள்ள எவ்வளவு தவிக்கிறாரோ" என்று உண்மையிலேயே வருந்தி, ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். பெரிய படிப்பு படித்தவர் சொல்கிறார் என்று அவளும் காலையும் மாலையும் கொடுத்தாள்.

ஆல்கோட் தூங்கினார். நாற்காலியில் தூங்கினார், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கினார். பறவைக் கூண்டைப் பார்க்கவில்லை. கஞ்சி சூடா இருக்கா என்றால் பதில் இல்லை. அந்த மூன்று வாரம் டாக்னி சுவரிடம் பேசிக்கொண்டிருந்தாள், அந்தச் சுவரும் அவள் பேச்சைக் கேட்டுக் குறித்துக்கொண்டது. மூன்றாம் வார முடிவில் ஒரு கடிதம் வந்தது. கோடு பச்சையாக, சமவெளியாக இருந்தது. மேலே எழுதியிருந்தார்கள்: "சிறந்த முன்னேற்றம். வாழ்த்துகள்."

அவளுக்குப் புத்தி உடனே வரவில்லை. அதற்காக இப்போதும் தன்னைத்தானே திட்டிக்கொள்கிறாள். ஒரு நாள் மதியம் ஆல்கோட் மாத்திரையைத் துப்பிவிட்டார். மறுநாள் காலை கொஞ்சம் தெளிவாக இருந்தார். காபி போடட்டுமா என்று கேட்டாள். ஷூப் என்றார். மூன்று வாரத்தில் முதல் பதில். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் சுவரில் ஆரஞ்சு விளக்கு ஒன்று மின்னி அணைவதைப் பார்த்தாள். பால் ஊற்றவா? ஷூப். ஆரஞ்சு. வெளியில பனி பெய்யுது பாத்தியா? ஷூப். ஆரஞ்சு.

அறுபத்தொரு மூச்சுத்திணறல். அறுபத்தொரு ஆமாம். புருஷன் பெண்சாதிக்குப் பதில் சொன்ன பாவத்துக்கு மாத்திரை கொடுத்து வாயை அடைத்திருக்கிறார்கள், அடைத்தது யார் என்றால் இவள் கையாலேயே. டாக்னி மிச்சமிருந்த மாத்திரைகளை அடுப்பில் போட்டாள். வீட்டுக்கு வரும் நர்ஸ் உள்ளூர்க்காரி. அவள் அடுப்பையும் பார்த்தாள், ஆல்கோட்டையும் பார்த்தாள், பிறகு தன் ரிப்போர்ட்டில் எதையும் எழுதாமல் ஒரு ஷூப் போட்டுவிட்டுப் போனாள். விளக்கு அவளுக்கும் ஒரு முறை மின்னியது.

டாக்னி கருவிக்காரர்களின் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். இருபது நிமிஷம் பியானோ கேட்ட பிறகு, தலைநகரிலிருந்து இனிமையான குரல்காரி ஒருத்தி வந்தாள்.

"அது மூச்சுத்திணறல் இல்லம்மா. அது ஆமாம்" என்றாள் டாக்னி.

"எது ஆமாம்?"

"ஷூப்."

"டாக்னி, லைன்ல இருக்கீங்களா? ஒரு மாதிரி சத்தம் கேட்டுச்சு. உங்களுக்கு உடம்பு நல்லா இருக்கா?"

"கல்லு மாதிரி இருக்கேன். ஆமாம்னு சொன்னேன்."

"எப்ப சொன்னீங்க?"

"இப்பதான்! ஷூப்!"

"கொஞ்சம் உக்காருங்க, தயவுசெஞ்சு. பக்கத்துல யாராவது இருக்காங்களா? ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமா?"

அரைமணி நேரம் விளக்கிய பிறகு குரல்காரிக்குப் புரிந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது. "அழகா இருக்கே! ஆனா எங்க பட்டியல்ல அப்படி ஒரு வகை இல்லையே. இருமல், அழுகை, விழுற சத்தம், மூச்சுத்திணறல், பேச்சு, அவ்வளவுதான்."

"அப்ப பேச்சுல போடு."

"பேச்சுன்னா காத்து வெளிய வரணும் டாக்னி. இது உள்ளதானே போகுது?"

டாக்னி போனை வைத்துவிட்டாள். காற்று போகும் திசையை வைத்து மனுசனின் வார்த்தையைத் தள்ளுபடி செய்கிறவர்களிடம் என்ன பேசுவது? மாத்திரை நின்றதும் ஆல்கோட் தெளிந்தார், தெளிந்ததும் பதில் சொன்னார், பதில் சொன்னதும் கோடு சிவந்தது. அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் கிரானேபோ கடிதம் எழுதினார்கள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி பெர்னில்லா வந்தாள். நாற்பதுக்குள் இருக்கும். தெற்குக் கோடியில் பிறந்து, கல்யாணமாகி வடக்கே வந்து மூன்று வருடம். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, பூப்போட்ட கம்பளிக் காலுறையோடு சமையலறைக்குள் வந்து, முதலில் ஆல்கோட்டுக்குத்தான் கைகொடுத்தாள். நல்ல பெண். கெட்டவளாக இருந்திருந்தால் டாக்னிக்குச் சுலபமாகப் போயிருக்கும்.

"உக்காரு. காபி கொதிச்சிருக்கு. பேசுறதுக்கு முன்னாடி நீ ஒண்ணு பாக்கணும்" என்றாள் டாக்னி. கணவர் பக்கம் திரும்பினாள். "ஏன்யா, உன் வண்டி மஞ்சள் கலர்தான?"

"ஷூப்."

"நாப்பது வருஷத்துல ஒரு நாளாவது லேட்டாப் போனியா? போகலைல்ல?"

"ஷூப்."

சுவரில் இரண்டு முறை ஆரஞ்சு. டாக்னி விரலை நீட்டிக் காட்டினாள். "பாத்தியா? இதைத்தான் உங்க காது திணறல்னு எழுதுது. மனுசன் பதில் சொல்றாரும்மா. ஒரு நாளைக்கு அறுபது தடவை பதில் சொல்றாரு."

பெர்னில்லா வாயைப் பிளந்தாள். "கடவுளே! என் மாமியாரும் இப்படித்தான் பண்ணுவாங்க. நான் எது சொன்னாலும் சலிச்சுக்கிறாங்கன்னு மூணு வருஷமா மனசுக்குள்ள புழுங்கிட்டிருக்கேன்!"

"ஆமாம்னு சொல்றா, பைத்தியக்காரப் பொண்ணே."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். ஆல்கோட்டும் சிரித்தார், பிறர் சிரிப்பதைப் பார்த்து. டாக்னிக்கு நாலு மாதச் சுமை இறங்கியது. ஊர் வழக்கப்படி காபிக்குள் பாலாடைக் கட்டித் துண்டுகளைப் போட்டு அதிகாரியின் முன்னால் தாராளமாகவே நகர்த்தினாள்.

"அப்ப ஆல்கோட்டால பதில் சொல்ல முடியும். ரொம்ப நல்லதாப் போச்சு" என்றாள் பெர்னில்லா, டேப்லெட்டை எடுத்துக்கொண்டே. "எங்க கவலையே அதுதான். சட்டப்படி இதுல முடிவு அவரோடது. நான் சொல்றதும் செல்லாது, நீங்க சொல்றதும் செல்லாது. அவர்கிட்டயே கேட்டுடலாம்." நாற்காலியை அவர் பக்கம் இழுத்து, முகத்துக்கு நேராகக் குனிந்து, தெளிவாக, மரியாதையாகக் கேட்டாள். "ஆல்கோட், கிரானேபோவுல உங்களுக்கு ஒரு அறை இருக்கு. ஜன்னல்ல கடல் தெரியும். அங்க வந்து இருக்கீங்களா?"

ஆல்கோட் அவளுடைய காலுறைப் பூக்களைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"ஷூப்."

பெர்னில்லாவின் விரல் திரையைத் தொட்டது.

"இரு, இரு" என்றாள் டாக்னி. "அவரு அப்படிச் சொல்லலை."

"இப்பதானே டாக்னி நீங்களே சொன்னீங்க, அது ஆமாம்னு."

"வேற மாதிரி கேளு. நான் கேக்குறேன். ஏன்யா, நம்ம வீட்டுலயே இருக்கலாமா?"

"ஷூப்."

"பாத்தியா? இந்தப் பொண்ணைத் தூக்கிப் பனியில வீசிடலாமாய்யா?"

"ஷூப்."

பெர்னில்லா சிரிக்கவில்லை. "எனக்குப் புரியுது. உங்களுக்கு இது எவ்வளவு கஷ்டம்னு தெரியுது. ஆனா முறைப்படி கேக்க வேண்டியது நான். முதல்ல கேட்டேன், பதில் வந்துச்சு. அந்தப் பதிலை நான் மதிக்கணும்ல?"

டாக்னிக்குத் தெரியும். இத்தனை நாளும் தெரிந்தே தெரியாததுபோல இருந்திருக்கிறாள். கதை கேட்கிற பிள்ளை உம் கொட்டுவது, ராஜா செத்ததற்குச் சம்மதம் என்றா அர்த்தம்? கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லு, அவ்வளவுதான். ஆல்கோட்டின் ஷூப்பும் எப்போதோ அப்படி ஆகிவிட்டது. கஞ்சி சூடா என்றாலும் வரும், செத்துப்போகலாமா என்றாலும் வரும். நான் இருக்கிறேன், உன் குரல் கேட்கிறது என்பதைத் தவிர அதற்குள் வேறொன்றும் இல்லாமலிருக்கலாம். அவளுக்கு அது போதும். ஆனால் அதை இப்போது ஒப்புக்கொண்டால் கருவி ஜெயிக்கும். மறுத்தால் கிரானேபோ ஜெயிக்கும். எந்தப் பக்கம் போனாலும் தோற்பவள் இவளாகவே இருக்கும்படி யார் இதைச் செய்துவைத்தார்கள்? யோசிக்க யோசிக்கச் சூடு ஏறியது.

"அந்தப் பலகையை இங்க கொண்டா" என்றாள்.

"டாக்னி..."

"கொண்டான்னா கொண்டா. சுவர்க்காது எழுதுற கணக்கு அதுல தெரியும்ல? நீ கிரானேபோன்னு கேட்டப்ப என்ன எழுதியிருக்கு, படி."

பெர்னில்லா திரையை மேலும் கீழும் தள்ளினாள். அவள் முகம் மெல்ல மாறியது. "பத்து நாப்பத்திரெண்டு" என்று நிறுத்தினாள்.

"சத்தமாப் படிம்மா. எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

"மூச்சுத்திணறல். வாய்மொழிப் பதில் இல்லை."

டாக்னி எழுந்து நின்றாள். அவள் கத்தவில்லை, அந்த ஊரில் யாரும் கத்துவதில்லை. ஆனால் மேஜையில் உள்ளங்கையை ஊன்றியதில் கோப்பைகள் கிணுகிணுத்தன.

"நாலு மாசமா இது வார்த்தை இல்லை. நான் போன் பண்ணிக் கெஞ்சினேன், இல்லை. காத்து உள்ள போகுதாம், அதனால வார்த்தை இல்லை. வார்த்தை இல்லைன்னு மாத்திரை குடுத்து என் மனுசனைப் பொணமா உக்கார வெச்சீங்க. உக்கார வெச்சிட்டு வாழ்த்துன்னு காயிதம் அனுப்பினீங்க. இன்னைக்கு உங்களுக்குத் தோதா ஒரு கேள்வி, அதுக்கு ஒரு ஷூப். உடனே அது வார்த்தை ஆயிடுச்சா? எனக்கு அறுபது தடவை சொன்னப்ப வியாதி, உனக்கு ஒரு தடவை சொன்னா சம்மதமா?"

பெர்னில்லா காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"ரெண்டுல ஒண்ணை எடுத்துக்கோ. அது ஆமாம்னா, திணறலும் இல்லை, பதற்றமும் இல்லை, உன் காயிதமே பொய். எதுக்கு அவரைக் கூட்டிட்டுப் போற? அது திணறல்னா, அவரு உனக்குப் பதிலே சொல்லலை. யாரைக் கேட்டுக் கூட்டிட்டுப் போற? எதை வேணா எடு. ரெண்டையும் எடுக்க விடமாட்டேன்."

ஆல்கோட் மனைவியை ஆர்வத்தோடு பார்த்தார். "ஷூப்" என்றார். விளக்கு மின்னியது.

பெர்னில்லா டேப்லெட்டில் அந்த வரியை மறுபடியும் மறுபடியும் படித்தாள். காபி ஆறி, மேலே பாலாடை கட்டியது. கடைசியில், தாழ்ந்த குரலில், ஓர் அதிகாரி பேசக்கூடாத மாதிரி பேசினாள். "நீங்க சொல்றது சரி. ஆனா கருவி எழுதினதை என்னால மாத்த முடியாது. அது தப்புன்னு நான் எழுதினா, இதே கருவி மாட்டின இருநூறு வீட்டு ரிப்போர்ட்டும் தப்புன்னு ஆயிடும். ஒரு வருஷம் விசாரிப்பாங்க. அதுவரைக்கும் இந்தக் கேஸ் முடியாது, உங்களையும் சும்மா விடமாட்டாங்க. நான் போட்ட டிக்கை எடுக்க மட்டும் முடியும்."

"எடுத்துட்டு என்ன எழுதுவ?"

"பதில் பெற இயலவில்லைன்னு. அப்ப விருப்பம் தெரியாம இடம் மாத்த முடியாது. இங்கேயே இருப்பாரு."

"இருநூறு வீடு" என்றாள் டாக்னி. அந்த இருநூறு வீட்டில் எத்தனை பேர் இந்த நிமிஷம் மாத்திரை முழுங்கிவிட்டு நாற்காலியில் சரிந்து கிடக்கிறார்கள் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். பெர்னில்லா முதலில் கண்ணைத் தாழ்த்தினாள்.

பையிலிருந்து காகிதப் படிவம் வெளியே வந்தது. அதில் பெர்னில்லா எழுதினாள். எழுதியதைப் படித்தும் காட்டினாள். ஆல்கோட் லிண்ட்மார்க் எந்த வகையிலும் தொடர்புகொள்ள இயலாதவர். மனைவியும் இதை உறுதிசெய்கிறார். கீழே மனைவி கையெழுத்திட ஒரு கோடு.

டாக்னி பேனாவை வாங்கினாள். கல்லைத் தூக்குவதுபோலத் தூக்கினாள். தன் புருஷன் தன்னோடு பேசுவதில்லை என்று எழுதிக்கொடுத்தால் புருஷனை வீட்டில் விட்டுவைப்பார்களாம். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேஜையைக் கவிழ்த்திருக்கலாம். கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைக்காமல், கோட்டுக்கடியில் பெரிய பெரிய எழுத்தில், காகிதம் கிழிய அழுத்தி எழுதினாள்: மேலே இருப்பது பொய். அவர் தினமும் எனக்குப் பதில் சொல்கிறார்.

"டாக்னி, இப்படி இருந்தா எடுத்துக்க மாட்டாங்க. படிவம் திரும்பி வந்துடும். திரும்பி வந்தா மறுபடியும் முதல்லேருந்து..."

"நீ படிச்சியா?"

"படிச்சேன்."

"அப்ப உன் பாடு."

பெர்னில்லா படிவத்தை ஜன்னல் வெளிச்சத்தில் மேஜைமேல் நேராக வைத்தாள். படம் எடுத்து அனுப்ப டேப்லெட்டை ஒரு கையால் மேலே பிடித்தாள். இன்னொரு கையின் கட்டைவிரலை அந்தக் கடைசி வரிமேல் வைத்தாள். விரல் போதவில்லை. நான்கு விரலையும் சேர்த்து வைத்து, பெரிய எழுத்து ஒன்றுகூட வெளியே தெரியாமல் மூடிக்கொண்டு, படம் எடுத்தாள்.